சம்பளம் யார் கொடுப்பது? – கடிதம்

அன்புள்ள சார்,

நான் ஒரு கார் ஷோரூமில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். சமீபத்தில் இங்கிலாந்தின் சர் பீட்டர் வார்டியைப் பற்றிப் படித்தேன். அப்பாவின் கார் விற்பனைத் தொழிலைப் பெரிய நிறுவனமாக வளர்த்து, 2006இல் ஏறத்தாழ 50 கோடி பவுண்டுக்கு விற்றவர். 1990இல் திறக்கப்பட்ட கேட்ஸ்ஹெட் இமானுவேல் கல்லூரி தொடங்கிப் பல பள்ளிகளுக்கு உதவியிருக்கிறார். ஆனால் அந்தப் பள்ளியில் பைபிளின் படைப்புக் கதைக்கு இடம் கொடுக்கிறார்கள் என்று 2002இல் பெரிய சர்ச்சை. என் சந்தேகம் இதுதான். வரிச்சலுகை, பெயர், மதம் என்று உள்நோக்கம் இல்லாத கொடை உண்டா? வியாபாரியின் கொடையை நம்பலாமா?

இன்னொன்று. வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகச் சேவைக்குப் போகலாமா என்று யோசிக்கிறேன். கார் விற்பதில் என்ன அர்த்தம் இருக்கிறது?

எஸ்.

அன்புள்ள எஸ்,

உங்கள் கடைசி வரிதான் எனக்குக் கோபத்தை வரவழைத்தது. ஒரு குடும்பம் வருஷக்கணக்கில் சேர்த்த பணத்தோடு உங்கள் முன்னால் வந்து உட்காருகிறது. அவர்களுக்குத் தேவையில்லாததைத் தலையில் கட்டாமல், பொய் சொல்லாமல், ஒரு வண்டியை விற்று அனுப்புவது கௌரவமான வேலை. அதில் அர்த்தம் தெரியவில்லை என்றால் சேவையிலும் தெரியப்போவதில்லை. அர்த்தம் தேடிச் சேவைக்கு வருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வந்த கொஞ்ச நாளிலேயே, இந்தப் பிள்ளைகளுக்கு நன்றியே இல்லை என்று புலம்ப ஆரம்பித்துவிடுவார்கள். நீங்கள் அப்படி ஆகவேண்டாம் என்ற அக்கறையில் திட்டுகிறேன்.

உள்நோக்கம் இல்லாத கொடை உண்டா என்றால், இல்லை. இருந்தாலும் அதை அளந்து பார்க்க நம்மிடம் கருவி கிடையாது. பள்ளியில் படித்து வெளியே வந்த பிள்ளைக்கு அந்த ஆராய்ச்சியால் பத்து பைசா பிரயோஜனமும் இல்லை. விடுங்கள்.

படைப்புவாதச் சர்ச்சையிலும் ரொம்ப நேரம் நிற்க மாட்டேன். அறிவியல் வகுப்பில் என்ன சொல்லித்தர வேண்டும் என்பது அறிவியலின் விஷயம், பணம் கொடுத்தவரின் விஷயம் அல்ல. அதே பள்ளியின் தரத்தை அரசு ஆய்வாளர்கள் மெச்சினார்கள் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அதில் உறுத்துவது வேறொன்று. டோனி பிளேர் பிரிட்டிஷ் பிரதமராக இருந்த காலத்தில் ‘அகாடமி’ என்ற பெயரில் அரசுப் பள்ளிகளைத் தனியார் ஆதரவோடு நடத்தும் திட்டம் வந்தது. அப்போது ஆதரவாளர் 20 லட்சம் பவுண்டு வரை கொடுத்தால் போதும் என்றிருந்தது. கட்டடச் செலவின் பெரும்பகுதியும், அதற்குப் பிறகு ஆண்டாண்டுக்கும் ஆகிற நடைமுறைச் செலவும் அரசுடையது. ஆனால் பள்ளியின் குணம் எப்படி இருக்க வேண்டும், நிர்வாகக் குழுவில் யார் உட்கார வேண்டும் என்பதில் ஆதரவாளருக்குத்தான் பெரிய பிடி. வார்டியின் அறக்கட்டளை மட்டுமல்ல, வேறு பலரும் அப்படி வந்தார்கள். இது அவர்கள் செய்த தவறு அல்ல, திட்டமே அப்படி. ஆனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இங்கேதான் இருக்கிறது: வருஷா வருஷம் சம்பளம் யார் கொடுப்பது?

கார் விற்பவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. புது வண்டி விற்பதில் டீலருக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். கடையைக் காப்பாற்றுவது பின்னால் இருக்கும் ஒர்க்‌ஷாப், உதிரி பாகம், சர்வீஸ். டெலிவரி அன்று ரிப்பனும் புகைப்படமும் இருக்கும். ஆனால் வாடிக்கையாளர் உங்களைப் பற்றி முடிவு செய்வது வண்டி முதல் தடவை நின்றுபோகும் அன்றுதான். வாழ்நாள் முழுக்க இதைத் தெரிந்து வைத்திருக்கும் வியாபாரிகள்கூட, கொடை என்று வந்ததும் ரிப்பன் வெட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவதை என்னவென்று சொல்வது! ஒரு அறக்கட்டளைப் பள்ளியோடு எனக்குச் சில காலம் தொடர்பு இருந்தது. பளபளவென்று ஆய்வகம் திறந்தார்கள். ஆய்வக உதவியாளர் பணியிடத்துக்கு மட்டும் பணம் இல்லை. கண்ணாடிக் குடுவைகள் பெட்டியிலிருந்து வெளியே வரவேயில்லை. வாசலில் கல்வெட்டு மட்டும் தினமும் துடைக்கப்பட்டது.

போன வருஷம் எனக்கு ஒரு அறுவை சிகிச்சை நடந்தது. வந்தவர் போனவர் எல்லாம் சர்ஜன் யார் என்று விசாரித்தார்கள். மயக்க மருந்து கொடுத்தது யார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை, நானும்தான். மறுநாள் அந்த மருத்துவரே என்னைப் பார்க்க வந்தார். தொண்டை ஏன் வலிக்கிறது என்று கேட்டேன். மூச்சுக்குழாய்க்குள் டியூப் இறக்கியதை விளக்கி, அதற்காக நாக்கைத் தூக்கிப் பிடிக்கும் வளைந்த தகட்டின் பெயர் ‘மேக்கின்டாஷ்’ என்றார். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு படிக்கப் போனவன், இன்னொரு கார்க்காரரிடம் போய்ச் சேர்ந்தேன். உங்கள் கடிதம் வந்தபோது அவரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வில்லியம் மாரிஸ், பின்னாளில் நஃபீல்ட் பிரபு. 1877இல் பிறந்தவர். பள்ளியைச் சீக்கிரமே விட்டு, பதினாறு வயதில் 4 பவுண்டு முதலீட்டில் சைக்கிள் பழுதுபார்க்க ஆரம்பித்தார். அப்புறம் ஆக்ஸ்ஃபோர்டின் லாங்வால் தெருவில் கராஜ். அங்கே மற்ற கம்பெனிகளின் கார்களை விற்றார், வாடகைக்கு விட்டார், பழுதுபார்த்தார். சொந்தமாகக் கார் தயாரித்தது அதற்குப் பிறகுதான்.

1936இல் ஆக்ஸ்ஃபோர்ட் மருத்துவப் படிப்புக்கு அவர் பெருந்தொகை கொடுக்க முன்வந்தார். மருத்துவம், அறுவை சிகிச்சை, மகப்பேறு என மூன்று பேராசிரியர் இருக்கைகள், அதாவது அந்தக் கொடையிலிருந்து சம்பளம் வரும் பதவிகள், என்றது பல்கலைக்கழகம். நான்காவதாக மயக்கவியலுக்கும் ஒன்று வேண்டும் என்றார் மாரிஸ். அதெல்லாம் ஒரு துறையா என்று அறிஞர்கள் முகம் சுளித்தார்கள். முன்பொருமுறை மாரிஸுக்கு மயக்க மருந்து கொடுத்தவர் ராபர்ட் மேக்கின்டாஷ் என்ற நியூசிலாந்துக்காரர். அதற்கு முந்தைய அனுபவங்களோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை மாரிஸ் மறக்கவில்லை. அந்த இருக்கை இல்லையென்றால் பணமும் இல்லை என்று நின்றுவிட்டார். தொகையும் 12.5 லட்சத்திலிருந்து 20 லட்சம் பவுண்டாக உயர்ந்தது. (பிளேர் காலத்து ஆதரவாளரிடம் கேட்ட அதே 20 லட்சம்தான். 1936இல் அதன் மதிப்பு என்ன என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.) 1937இல் மேக்கின்டாஷ் பேராசிரியரானார். ஐரோப்பாவிலேயே அத்துறைக்கு முதல் இருக்கை அது.

அந்தச் சம்பளத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். 1943இல் ஒருநாள் காலை, டான்சில் அறுவைக்காக நோயாளியின் வாயை ஒரு கருவியால் திறந்தபோது, குரல்நாண்கள் தெளிவாகத் தெரிவதை மேக்கின்டாஷ் கவனித்தார். துறையின் டெக்னீஷியன் ரிச்சர்ட் சால்ட்டிடம் சொன்னார். அன்று காலை வேலை முடிவதற்குள், சால்ட் அந்தக் கருவியின் தகட்டை குரல்வளையைப் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப் என்ற கருவியின் கைப்பிடியில் பற்றவைத்துக் கொடுத்துவிட்டார். என் தொண்டைக்குள் போனது அதன் வாரிசுதான். சால்ட் அங்கே இருந்ததற்குக் காரணம், அவருக்கு மாதாமாதம் ஊதியம் போய்க்கொண்டிருந்தது. மேக்கின்டாஷ் வராந்தாவில் நடந்துபோய் அவரிடம் பேச முடிந்தது. ஒரு பேராசிரியர், ஒரு டெக்னீஷியன், தொடர்ந்து வரும் சம்பளம். இதற்குக் கல்வெட்டு வைக்க இடமில்லை என்பதால்தான் நம் கொடையாளர்கள் இந்தப் பக்கம் வருவதில்லை. போர்க்காலத்தில் உயிர்காப்புச் சட்டைகளைச் சோதிக்க, எட்கர் பாஸ்க் என்ற இளம் மருத்துவர் தானே மயக்கம் வாங்கிக்கொண்டு நீச்சல்குளத்தில் மிதந்தார். அவரும் இதே துறையிலிருந்து வந்தவர்தான். எந்தத் திட்ட அறிக்கையில் இதையெல்லாம் முன்கூட்டி எழுத முடியும்?

இதே மாரிஸ் 1937இல் ஒரு கல்லூரிக்கும் 9 லட்சம் பவுண்டும் நிலமும் கொடுத்தார். அவர் நினைத்தது பொறியியலும் கணக்கியலும். பல்கலைக்கழகத்தார் பேசிப் பேசி அதைச் சமூக அறிவியலாக மாற்றினார்கள். கட்டட வரைபடமும் அவருக்குப் பிடிக்கவில்லை, திருப்பி அனுப்பினார். நடுவில் போர் வேறு. அடிக்கல் 1949இல்தான் விழுந்தது. நஃபீல்ட் கல்லூரி இன்று நல்ல ஆய்வு நிறுவனம், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் மனசு அதில் ஒட்டவில்லை.

அப்படியானால் கொடையாளரின் பிடிவாதம் எப்போதும் நல்லதா என்று கேட்பீர்கள். இதே மனிதர்தான் ஆஸ்வால்ட் மோஸ்லி என்ற பிரிட்டிஷ் அரசியல்வாதியின் புதிய கட்சிக்கும் பணம் கொடுத்தார். அந்த மோஸ்லி சீக்கிரமே பாசிஸ்டாகப் போய் நின்றார். பணக்காரரின் பிடிவாதத்துக்கு உத்தரவாதம் எதுவும் இல்லை. மயக்கவியலில் பலித்ததற்குக் காரணம் எளிது. என்ன படிக்க வேண்டும் என்று அவர் மேக்கின்டாஷுக்குச் சொல்லவில்லை, இருக்கையைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். வகுப்பறைக்குள் தலையை நீட்டவில்லை. 1938இல் போலியோவால் மூச்சுவிட முடியாதவர்களுக்கு மூச்சுவிட உதவும் ‘இரும்பு நுரையீரல்’ என்ற இயந்திரம் பற்றிய ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, தன் கார் தொழிற்சாலையிலேயே அவற்றைச் செய்ய வைத்தார். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் கேட்ட மருத்துவமனைக்கெல்லாம் இலவசமாக அனுப்பினார். ஆயிரத்துக்கும் மேல் போயிற்று. தொழிற்சாலைக்காரருக்குத் தெரிந்த வேலை, அதைச் செய்தார்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வேலையை விடாதீர்கள். சம்பளத்தில் ஒரு பங்கை ஒதுக்க முடியுமென்றால், தெரிந்த பள்ளி ஒன்றுக்குப் போய் எந்தப் பணியிடம் காலியாகக் கிடக்கிறது என்று கேளுங்கள். நூலகராக இருக்கலாம், காவலாளியாக இருக்கலாம். நண்பர்கள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு அந்த ஒருவரின் சம்பளத்தை ஐந்து வருஷத்துக்கு ஏற்றுக்கொள்ளுங்கள். பெயர்ப்பலகை கேட்காதீர்கள். இரண்டாவது வருஷம் அலுப்பு வரும், அப்போது எனக்கு எழுதுங்கள், மறுபடியும் திட்டுகிறேன்.