ஸ்கேனில் ஒன்றும் இல்லாத கழுத்தை எதற்குத் திறக்க வேண்டும்?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. குளச்சல் பக்கம் கரமடி வலை இழுக்கும் வேலை. நாக்கின் இடது ஓரத்தில் ஆறாத புண் ஒன்று இருந்தது. சதை எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. அளவு 2 செ.மீ.க்குள்தான். ஸ்கேனில் கழுத்தில் நெறி (வீங்கிய நிணநீர் முடிச்சு) எதுவும் தெரியவில்லை. ஆனாலும் நாக்கோடு சேர்த்துக் கழுத்தையும் திறந்து முடிச்சுகளை எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். நன்றாக இருக்கும் கழுத்தை ஏன் வெட்ட வேண்டும்? கத்தி பட்டால் பரவும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். மணவாளக்குறிச்சிக் கருமணல்தான் இதற்குக் காரணமா? தம்பிக்கும் வெற்றிலை, புகையிலைப் பழக்கம் உண்டு. அவனுக்கும் வருமா?

பதில்: உங்கள் டாக்டர் சொல்வது சரி. நாக்குப் புற்றுநோயில் கழுத்தையும் சேர்த்துச் செய்வதுதான் இன்றைய வழக்கம். ஒரு விதிவிலக்கு உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

நாக்கு முழுக்கத் தசை. பேசும்போதும் விழுங்கும்போதும் அசைந்துகொண்டே இருக்கும். அதற்குள் நிணநீர்க் குழாய்களும் அடர்த்தியாக ஓடுகின்றன. சாதாரணமாக ஒரு செல் பக்கத்துச் செல்லை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். புற்றாக மாறிய செல் அந்தப் பிடியை விட்டு, கீழே இருக்கும் சவ்வை நொதிகளால் அரித்துக்கொண்டு இறங்குகிறது. இறங்கிய இடத்தில் நிணநீர்க் குழாய் இருந்தால் அதன் வழியே போய்த் தாடைக்குக் கீழும் கழுத்துப் பெருநாளத்தை ஒட்டியும் இருக்கும் முடிச்சுகளில் தங்கிவிடும். அப்படித் தங்கிய கூட்டம் ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும், ஆனால் அதற்குள்ளேயே லட்சக்கணக்கான செல்கள் இருக்கும். அவ்வளவு சிறியதை சி.டி. ஸ்கேனோ பெட் ஸ்கேனோ காட்டாது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றால் கண்ணுக்குத் தெரியும் அளவில் இல்லை என்றுதான் அர்த்தம்.

சரி, பொறுத்திருந்து, நெறி கட்டினால் அப்போது எடுத்துக்கொள்ளலாமே? இந்தக் கேள்விக்கு உலகத்துக்கே பதில் சொன்னது நம் நாட்டு ஆய்வுதான். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில் டாக்டர் அனில் டி'குரூஸ் தலைமையில் நடந்தது, 2015-ல் வெளியானது. வாயில் ஆரம்பநிலைப் புற்றுநோய், கழுத்தில் எதுவும் தெரியவில்லை, அதாவது உங்கள் அப்பாவைப் போன்ற 500 நோயாளிகள். குலுக்கல் முறையில் ஒரு பாதிப் பேருக்கு முதலிலேயே கழுத்தையும் செய்தார்கள். மற்றவர்களைக் கண்காணித்து, நெறி தெரிந்த பிறகு செய்தார்கள். மூன்று ஆண்டு கழித்து முதல் பிரிவில் 80 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், காத்திருந்த பிரிவில் 67.5 சதவீதம் பேர். முதலிலேயே எடுத்தவர்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கு, ஒன்றுமில்லை என்று நினைத்த கழுத்திலேயே நோய் ஒளிந்திருந்தது. காத்திருந்தவர்களில் பலருக்கு நெறி தெரிந்தபோது நோய் ஏற்கெனவே முற்றியிருந்தது.

இந்தக் கணக்கை மறுபக்கமும் பார்க்க வேண்டும். எட்டுப் பேருக்குக் கழுத்தைச் செய்தால் ஒரு உயிர் மிச்சமாகிறது. அந்த எட்டில் உங்கள் அப்பா யார் என்று முன்கூட்டியே சொல்ல யாராலும் முடியாது. என்னைக் கேட்டால், கழுத்தில் ஒரு தழும்பும் சில மாதத் தோள் கஷ்டமும் இதற்குக் கொடுக்கத்தக்க விலைதான்.

விதிவிலக்கு ஆழத்தைப் பொறுத்தது. புண்ணின் அகலத்தைவிட அது எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதுதான் முக்கியம். 3 மி.மீ. அல்லது அதற்கும் குறைவாக இருப்பவர்களுக்குக் கழுத்து அறுவையால் பலன் தெளிவாகத் தெரியவில்லை. எனவே டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “எம்.ஆர்.ஐ.யில் ஆழம் எவ்வளவு?” முதலில் நோய் போய்ச் சேரக்கூடிய ஓரிரு முடிச்சுகளை மட்டும் கண்டுபிடித்துச் சோதிக்கும் முறையும் உண்டு. பிரான்ஸிலும் ஜப்பானிலும் நடந்த ஆய்வுகளில் அதுவும் சமமான பலனைத் தந்திருக்கிறது. ஆனால் அதற்குத் தனி வசதியும் பழகிய கையும் வேண்டும், எல்லா இடத்திலும் செய்வதில்லை.

கத்தி பட்டால் பரவும் என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். சதை எடுத்துச் சோதிப்பார்கள், புற்றுநோய் என்று வரும். பயந்துபோய் வீட்டுக்குத் திரும்பி, நாலைந்து மாதம் பச்சிலை, பத்தியம் என்று ஓட்டுவார்கள். அதற்குள் நோய் கழுத்துக்கு இறங்கிவிடும். பழி சோதனைக்குப் போட்ட கத்தி மேல் விழும். உண்மையில் கெடுத்தது அந்த நாலைந்து மாதம். வாயில் சிறு துண்டு எடுப்பதால் நோய் பரவுவதில்லை. நோய்க்கு உள்ளேயே வெட்டிப் பாதியை விட்டுவருவதுதான் ஆபத்து. அதனால்தான் சுற்றிலும் ஒரு செ.மீ. நல்ல சதையையும் சேர்த்து எடுக்கிறார்கள்.

அப்பாவின் தொழிலுக்குத் தோள் வேண்டும், அதனால் இதைக் கட்டாயம் பேசுங்கள். கழுத்தின் ஓரமாக ஒரு நரம்பு ஓடுகிறது, பதினோராவது மூளை நரம்பு. தோளைத் தூக்குவது அதன் வேலை. இந்த அளவு நோய்க்கு மேல் கழுத்து, நடுக் கழுத்து முடிச்சுகளை மட்டும் எடுப்பார்கள், நரம்பை வெட்ட மாட்டார்கள். ஆனாலும் அதை ஒதுக்கிப் பிடித்து வேலை செய்வதால் சில மாதம் கை மேலே தூக்கக் கஷ்டமாக இருக்கலாம். கழுத்தில் நீர் வடிய வைத்த குழாயை எடுத்த பிறகு டாக்டர் சொல்லும் நாளிலிருந்தே பிசியோதெரபி தொடங்க வேண்டும். வலிக்கிறது என்று கையை மடக்கியே வைத்திருந்தால் தோள் இறுகிவிடும், அப்புறம் கரமடி இழுப்பது கனவுதான். காது மடல் மரத்துப்போவதும் உதட்டோரம் கொஞ்சம் கோணுவதும் நடக்கும். உதடு பெரும்பாலும் சரியாகிவிடும். பேச்சு முதல் சில வாரம் குழறும், இந்த அளவு புண்ணுக்கு நன்றாகவே திரும்பும்.

அறுவை முடிந்ததும் எல்லாம் எடுத்தாச்சு என்று நிம்மதியாகி விடாதீர்கள். சிகிச்சையின் அடுத்த பாதையைச் சொல்வது, எடுத்த சதையைச் சோதித்துத் தரும் நோயியல் அறிக்கைதான், அதன் நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும். முதலில் வெட்டு ஓரத்தைப் பாருங்கள், நோய்க்கும் ஓரத்துக்கும் நடுவே 5 மி.மீ. இருந்தால் நல்லது. பிறகு எத்தனை முடிச்சு எடுத்தார்கள், அதில் எத்தனையில் நோய் என்று பாருங்கள். முடிச்சின் உறையை உடைத்து வெளியே வந்திருக்கிறதா என்ற வரிதான் எல்லாவற்றையும்விட முக்கியம். உறை உடைந்திருந்தாலோ வெட்டு ஓரத்தில் நோய் இருந்தாலோ கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் சேர்த்துத் தருவார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தனித்தனியாக நடந்து 2004-ல் வெளியான இரண்டு ஆய்வுகள் அதற்கு அடிப்படை. கதிர்வீச்சு தேவை என்றால் அறுவை நடந்த நாளிலிருந்து 6 வாரத்துக்குள் தொடங்க வேண்டும். இங்கேதான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். திருவிழா, கல்யாணம், காசு புரட்டுவது என்று தள்ளிப்போகும். வழக்கமாக 30 தடவை, திங்கள் முதல் வெள்ளி வரை, ஆறு வாரம். அதற்கு முன்பே பல் டாக்டரிடம் காட்டி, கெட்ட பல்லைப் பிடுங்கிவிட வேண்டும். கதிர்வீச்சுக்குப் பிறகு பல் எடுத்தால் தாடை எலும்பு ஆறாமல் அழுகும் அபாயம் உண்டு. திருவனந்தபுரம் ஆர்.சி.சி.க்கு (மண்டலப் புற்றுநோய் மையம்) போவதாக இருந்தால், உங்கள் காப்பீட்டு அட்டை மாநிலம் தாண்டிச் செல்லுமா என்று முன்பே விசாரியுங்கள்.

மணல் விஷயம். மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற தாது உண்டு, அதில் தோரியம் உண்டு, கதிர்வீச்சும் உண்டு. இதே வகை மணல் உள்ள கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். அதிகக் கதிர்வீச்சு உள்ள பகுதியில் புற்றுநோய் கூடுதலாக இல்லை, 2009-ல் முடிவு வெளியானது. அப்பாவின் நாக்குக்கு மணலைச் சந்தேகிக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. வெற்றிலைச் செல்லம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறதே! உங்கள் ஊருக்குப் பக்கத்து நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த டாக்டர் ஓர், திருவிதாங்கூர்க்காரர்களின் வாய்ப் புற்றுநோயையும் வெற்றிலை போடுவதையும் தொடர்புபடுத்தி 1933-லேயே எழுதிவிட்டார். புகையிலை இல்லாத வெறும் பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. வருடக்கணக்கில் பாக்குச்சாறு பட்ட வாயில் புண் இல்லாத இடத்துச் செல்களும் கெட்டிருக்கலாம். அதனால் அறுவைக்குப் பிறகும் அப்பா வெற்றிலையைத் தொடக் கூடாது, வாசனைப் பாக்கும் கூடாது. முதல் இரண்டு ஆண்டு சோதனைக்குப் போவதைத் தவறவிடவும் கூடாது. திரும்ப வருவது பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான்.

தம்பிக்கு வரும் என்று சொல்ல முடியாது, வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-ல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறந்து பார்த்தார்கள். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களில் வாய்ப் புற்றுநோய் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பெரிய இயந்திரம் எதுவும் இல்லை, வெளிச்சமும் கண்ணும்தான். தம்பியைக் கண்ணாடி முன் நிறுத்தி, டார்ச் அடித்து, கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் இரண்டு ஓரம், நாக்குக்கு அடி எல்லாம் பாருங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, மூன்று வாரமாக ஆறாத புண், வாய் முன்போல் திறக்காமை, இதில் எது இருந்தாலும் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு அந்த வாரமே கூட்டிப் போங்கள். ஒன்றும் இல்லையென்றாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.