ஊட்டிக் குளிரில் ஃப்ரீசர் கோழியை வெளியே வைத்தே உருக்கலாமா?

கூடாது. இந்தக் குளிரே ஃப்ரிட்ஜ் மாதிரிதானே என்று நீங்கள் கேட்பது புரிகிறது, ஆனால் ஜனவரியில் விடியற்காலை பூஜ்யத்தை ஒட்டி இருக்கிற ஊரில் மதியம் 20 டிகிரி வரைக்கும் ஏறிவிடும், அடுப்பு எரிகிற சமையலறை இன்னும் சூடு. 5 டிகிரியைத் தாண்டினால் கிருமிகள் பெருக ஆரம்பிக்கும். கோழியின் நடுப்பகுதி கல்லாக இருக்கும்போதே தோல்பக்கம் அந்த நிலைக்கு வந்துவிடுகிறது.

முந்தின நாளே ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் வையுங்கள், வடிகிற நீர் காய்கறிமேல் படாதபடி ஆழமான பாத்திரத்தில். ஒன்றரை கிலோ முழுக்கோழிக்கு ஒரு நாள் முழுசாக வேண்டும்.

அவசரமா? கசியாத பையில் கட்டி, குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் முக்கி, அரை மணிக்கொரு தரம் தண்ணீரை மாற்றினால் அரை கிலோ துண்டுகள் சுமார் ஒரு மணி நேரத்தில் இளகிவிடும். இப்படி உருக்கியதை உடனே சமைத்தாக வேண்டும். விருந்தாளி வாசலில் நின்றாலும் வெந்நீர் மட்டும் ஊற்றாதீர்கள்.

அப்புறம், நேரமே இல்லையென்றால் துண்டுகளை உறைந்தபடியே குழம்பில் போடலாம். வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு நேரம் கொதிக்கவிட்டு, பெரிய துண்டு ஒன்றைப் பிய்த்து எலும்போரம் பச்சையாக இல்லையே என்று பார்த்துவிட்டு இறக்குங்கள்.