'அமெரௌகானா' என்று வாங்கிய கோழிக்குப் பச்சைக் கால்: விற்றவரிடம் பணம் கேட்கலாமா?

கேள்வி: டெக்சாஸில் வசிக்கிறேன். இதே மாநிலத்தில் கோழி வளர்த்து விற்கும் ஒருவரிடம் 'தூய ரக அமெரௌகானா' (நீல முட்டை இடும் கோழி ரகம்) என்று 12 குஞ்சுகள் வாங்கினேன். ஒன்று 30 டாலர். ரசீதிலும் அப்படியே எழுதியிருக்கிறது. இனப்பெருக்கத்துக்காக வாங்குகிறேன் என்று முன்பே அவருக்குச் செய்தி அனுப்பியிருந்தேன். ஏழு மாதம் ஆகிறது. சில பெட்டைகள் நீல முட்டை இடுகின்றன, சில பச்சை முட்டை இடுகின்றன. நான்கு கோழிகளுக்குக் கால் பச்சையாக இருக்கிறது. கேட்டால், "நீல முட்டை வருகிறதே! என்பிஐபி (தேசியக் கோழி மேம்பாட்டுத் திட்டம்) சான்றிதழும் இருக்கிறது. விற்றதைத் திரும்ப எடுப்பதில்லை" என்கிறார். இதற்குள் நானும் இவற்றின் அடைமுட்டைகளை அமெரௌகானா என்று சொல்லி இரண்டு பேருக்கு விற்றுவிட்டேன். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் வழக்குக்கு அடிப்படை உண்டு. ஆனால் அது முட்டையில் இல்லை. ரசீதிலும் கோழியின் காலிலும் இருக்கிறது.

முதலில் ரசீது. டெக்சாஸ் வணிகச் சட்டத்தின் 2-ஆம் அத்தியாயத்தில் கோழியும் 'சரக்கு'தான். ஒரு சரக்கை இன்னதென்று வர்ணித்து விற்றால், அந்த வர்ணனையே உத்தரவாதம் ஆகிவிடும் (பிரிவு 2.313). 'கேரண்டி' என்ற சொல் எழுதப்பட்டிருக்க வேண்டியதில்லை. ஏமாற்றும் எண்ணம் இருந்ததா என்பதும் இங்கே கேள்வியில்லை. 'திரும்ப எடுப்பதில்லை' என்ற ஒரு வரி அந்த வர்ணனையை அழித்துவிடாது. ரசீதில் 'அமெரிக்கானா' என்றோ 'அமெரௌகானா / ஈஸ்டர் எக்கர்' என்றோ இருந்திருந்தால் உங்கள் நிலை மிகவும் பலவீனம். பல பொரிப்பகங்கள் கலப்பினக் குஞ்சுகளை அந்தப் பெயர்களில்தான் விற்கின்றன.

அடுத்து, 'தூய ரகம்' என்பதை எதை வைத்து அளப்பது? நாய்க்கு இருப்பதுபோல் கோழிக்குத் தனித்தனி வம்சப் பதிவு கிடையாது. அமெரிக்கன் போல்ட்ரி அசோசியேஷன் 1984-இல் இந்த ரகத்தை ஏற்றபோது வகுத்த இலக்கணமே அளவுகோல்: பட்டாணிக் கொண்டை, தாடி, கன்னங்களில் புசுபுசுவென்ற இறகு, சிறிய சிவந்த காது மடல், வால், சிலேட்டு நிறக் கால், வெள்ளைத் தோல், நீல முட்டை. கறுப்பு நிறக் கோழிக்குக் கால் கிட்டத்தட்ட கறுப்பாகவே இருக்கலாம். அப்போதும் பாதத்தின் அடிப்பக்கம் வெள்ளையாக இருக்க வேண்டும்.

அதனால் கோழியைத் தூக்கி உள்ளங்காலைப் பாருங்கள். காலுக்குச் சிலேட்டு நிறம் தருவது தோலின் உள்ளடுக்கில் இருக்கும் கருநிறமி. அதே நிறமி மஞ்சள் தோலின் கீழ் இருந்தால் கால் பச்சையாகத் தெரியும். உள்ளங்கால் மஞ்சளாக இருக்கும். மஞ்சள் தோல் ஒடுங்கு பண்பு. தாய், தந்தை இரண்டும் கொடுத்தால்தான் குஞ்சில் வெளிப்படும். எனவே "பக்கத்து வீட்டுச் சேவல் வேலி தாண்டி வந்திருக்கும்" என்று எதிர்த்தரப்பு சமாளிக்க முடியாது. அவருடைய பெட்டையும் அந்த மரபணுவைச் சுமந்திருக்க வேண்டும். ஒற்றைக் கொண்டையும் ஒடுங்கு பண்பே, அது வந்திருந்தாலும் இதே வாதம் பொருந்தும்.

நீல முட்டை வாதம் எளிதில் உடையும். நீல ஓட்டு மரபணு ஓங்கு பண்பு. ஒரு பிரதி போதும், கலப்பினப் பெட்டையும் அழகான நீல முட்டை இடும். பச்சை முட்டை என்பது நீல ஓட்டின் மேல் பூசிய பழுப்பு. ஓட்டை உடைத்து உட்சவ்வை உரித்தால் உள்ளே நீலம்தான் இருக்கும். ஆனால் முட்டை நிறத்தை உங்கள் முதல் சான்றாக வைக்காதீர்கள். தூய கோழிகளிலும் லேசான பச்சைச் சாயல் வருவதுண்டு, கைபேசிப் படத்தில் நிறம் மாறியும் தெரியும்.

இறகு நிறத்திலும் கவனம் தேவை. நீல இறகுச் சேவலோடு நீல இறகுப் பெட்டையைச் சேர்த்தால் சராசரியாகப் பாதி நீலம், கால்வாசி கறுப்பு, கால்வாசி 'ஸ்பிளாஷ்' (வெளிர் இறகில் கருநீலத் திட்டுகள்) வரும். அதைக் கலப்பு என்று புகாரில் எழுதினால், விவரம் தெரிந்த எதிர்த்தரப்பு உங்கள் மொத்தப் புகாரையும் கேலிக்கூத்தாக்கிவிடும். டிஎன்ஏ சோதனை நீல ஓட்டு மரபணு ஒரு பிரதியா இரண்டா என்று சொல்லும். ஒரு பிரதி மட்டும் என்றால் உங்களுக்குச் சாதகம். இரண்டு இருந்தாலும் அதனால் தூய ரகம் என்று ஆகிவிடாது.

என்பிஐபி சான்றிதழுக்கு இங்கே வேலையே இல்லை. அது 1935-இல் புலோரம் என்ற கோழி நோயைக் கட்டுப்படுத்தத் தொடங்கிய திட்டம். மந்தையின் நோய் நிலையைச் சொல்லும், ரகத்தைச் சொல்லாது.

உங்கள் பலவீனம் தாமதம். குறையைக் கண்டபின், அல்லது கண்டிருக்க வேண்டிய காலத்துக்குப் பின், நியாயமான காலத்துக்குள் விற்றவருக்குத் தெரிவிக்காவிட்டால் எந்த நிவாரணமும் கிடையாது (2.607). கால் நிறம் முதல் முட்டைக்கு வெகு முன்பே தெரிந்துவிடும், "ஏழு மாதம் என்ன செய்தீர்கள்?" என்றுதான் முதல் கேள்வி வரும். ஆகவே இந்த வாரமே பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். ரசீதின் நகல், ஒவ்வொரு கோழிக்கும் கால் வளைய எண், பகல் வெளிச்சத்தில் வெள்ளைத் தாளை அருகில் வைத்து எடுத்த உள்ளங்கால், கொண்டை, கன்னப் படங்கள், கேட்கும் தொகை எல்லாம் அதில் இருக்கட்டும். நுகர்வோர் ஏமாற்றுத் தடுப்புச் சட்டத்தையும் சேர்க்க விரும்பினால், வழக்குக்கு 60 நாள் முன்பே எழுத்துமூலம் அறிவிப்புத் தர வேண்டும். அதே கடிதத்திலேயே அதைக் குறிப்பிட்டுவிடலாம்.

எவ்வளவு கேட்பது? சொன்னபடி இருந்திருந்தால் என்ன மதிப்பு, உண்மையில் என்ன மதிப்பு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் (2.714). சாதாரண கலப்பினக் குஞ்சு 5 டாலர் என்று காட்ட முடிந்தால் ஒன்றுக்கு 25 டாலர். நான்குக்கு மட்டுமா, பன்னிரண்டுக்குமா என்பதில் தகராறு வரும். எல்லாம் ஒரே பெற்றோர்க் கூட்டத்தில் வந்தவை என்று காட்டினால் பன்னிரண்டுக்கும் கேட்கலாம். தீவனச் செலவைக் கேட்காதீர்கள். தூய கோழியும் அதே தீனியைத் தின்றிருக்கும், முட்டையை நீங்கள் சாப்பிட்டும் இருக்கிறீர்கள். வளர்ந்துவிட்ட கோழிகளைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணம் கேட்பதும் கடினம்.

ஜஸ்டிஸ் கோர்ட்டில் (சிறு வழக்குகளை விசாரிக்கும் உள்ளூர் நீதிமன்றம்) 20,000 டாலர் வரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை. சாட்சிய விதிகளும் அங்கே தளர்வு. அசோசியேஷன் உரிமம் பெற்ற கண்காட்சி நடுவர் ஒருவர் கோழிகளைப் பார்த்து எழுதித் தரும் கடிதம் உங்கள் படங்களைவிட எடை கூடியது.

இனி, நீங்கள் விற்ற அடைமுட்டைகள். உங்கள் மீதும் அதே 2.313 பாயும், தெரியாமல் விற்றேன் என்பது பதிலாகாது. அந்தப் பெயரில் விற்பதை இன்றே நிறுத்துங்கள். வாங்கிய இருவருக்கும் எழுதி, பணத்தைத் திருப்பிக் கொடுத்து, ரசீது வாங்கி வையுங்கள். இனப்பெருக்கத்துக்கு என்று முன்பே அனுப்பிய அந்தச் செய்தி இருப்பதால், திருப்பிக் கொடுத்த தொகையையும் தொடர் இழப்பாக (குறையின் விளைவாகப் பின்னர் வந்த நட்டம்) உங்கள் கோரிக்கையில் சேர்க்கலாம். அவருடைய விற்பனை நிபந்தனைகளில் தொடர் இழப்புக்குப் பொறுப்பில்லை என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் கடிதம் போடுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.