தடுப்பு சுத்தமாக இருந்தால் போதுமா?

கேள்வி: பால்மாடுகளைக் கட்டாமல் விட்டு, அவை படுப்பதற்குக் குழாய்களால் தனித்தனித் தடுப்புகள் அமைத்திருக்கிறோம். படுக்கையில் சாணம் விழாதிருக்க, மேலே குறுக்காகச் செல்லும் கழுத்துக் கம்பியைப் பின்பக்கமாக நகர்த்தினோம். அதன்பின் பல மாடுகள் முன்னங்கால்களை மட்டும் உள்ளே வைத்து நெடுநேரம் நிற்கின்றன; சில நடைபாதையிலேயே படுத்துவிடுகின்றன. ஏன்?

பதில்: நகர்த்திய கம்பியே காரணமாக இருக்கக்கூடும். நான்கு கால்களையும் உள்ளே வைக்க இடமில்லாததால் சாணம் நடைபாதையில் விழுகிறது, படுக்கை சுத்தமாகத் தெரிகிறது. ஆனால் அதே சாணத்தில் பின்னங்கால்கள் மணிக்கணக்கில் ஊறுவதால் குளம்பு மென்மையாகி நோய்க்கு இடங்கொடுக்கிறது. நடைபாதையில் படுக்கும் மாட்டின் மடியோ நேராகச் சாணத்திலேயே தோய்ந்து, மடிநோய்க்கு வழி திறக்கிறது. சுத்தமாக இருக்க வேண்டியது மாடு. தடுப்பு அதற்கு அடுத்ததுதான்.

பால்மாடு நாளொன்றுக்குச் சுமார் 12 மணி நேரமாவது படுத்திருக்க வேண்டும். படுத்திருக்கும்போது மடிக்குச் செல்லும் இரத்த ஓட்டம் கூடுகிறது, குளம்புகளும் உலர்கின்றன. எழும்போது குதிரையைப் போல் முன்னங்காலை முதலில் ஊன்றாமல், முட்டிபோட்டபடியே தலையை முன்னால் வீசிப் பின்பகுதியை முதலில் தூக்குவது மாட்டின் இயல்பு என்பதால், தலைக்கு முன்னால் சுவரோ கம்பியோ இடித்தால், எழச் சிரமப்படும் அந்த மாடு மறுபடி அங்கே படுக்கத் தயங்கும்.

சுமார் 600 கிலோ எடையுள்ள மாட்டுக்குத் தடுப்பின் அகலம் 120 செ.மீ. அளவிலும், கழுத்துக் கம்பியின் உயரம் 120 முதல் 125 செ.மீ. வரையிலும், பின்விளிம்பிலிருந்து அதன் தூரம் 170 செ.மீ.யை ஒட்டியும் இருக்கலாம். சிறிய இனங்களுக்கு இவற்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் மந்தையின் பெரிய மாடுகளை அளந்து முடிவுசெய்வதே நல்லது.

கம்பியை முன்னே தள்ளினால் படுக்கையில் சாணம் கொஞ்சம் கூடத்தான் செய்யும். அதைக் கம்பியைக் கொண்டு தடுக்காமல், ஒவ்வொரு கறவையின்போதும் வாரி எடுத்துவிடுங்கள். படுக்கை பின்விளிம்பை நோக்கி 2 முதல் 4 சதவீதம் சரிந்திருந்தால் ஈரம் தேங்காது. 15 செ.மீ. ஆழத்துக்கு மணல் இட்டால் காலுக்கு மெத்தென்றிருப்பதோடு, மணலில் கிருமிகளுக்குத் தீனி குறைவு. சாணம் சேர்ந்த மணலை மட்டும் அவ்வப்போது மாற்ற வேண்டும். ரப்பர் விரிப்பு மட்டும் போட்டு, மேலே உலர்ந்த மரத்தூளோ வைக்கோலோ தூவாமல் விட்டால், பின்னங்கால் மூட்டுகளில் முடி உதிர்ந்து புண்ணாகும்.

சோதிக்க எளிய வழி உண்டு: நீங்களே படுக்கையில் முட்டிபோட்டுப் பத்து விநாடி இருந்து பாருங்கள். முட்டி வலித்தால் மாட்டுக்கும் வலிக்கும், துணி நனைந்தால் மடியும் நனையும். கம்பியை முதலில் ஒரு வரிசையில் மட்டும் நகர்த்தி, ஒரு வாரத்தில் எந்த வரிசையில் மாடுகள் அதிகம் படுக்கின்றன என்று எண்ணிப் பார்த்துவிட்டு மற்றவற்றில் கைவையுங்கள்.