மலிவாக எடுத்த பழைய ரத்தப் படங்களில் அப்படி என்ன இருக்கிறது?

நடிப்பு மோசம், ரத்தம் போலி, பயமும் வரவில்லை. அப்புறம் எதற்கு இவற்றுக்கு இத்தனை ரசிகர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். 1963-இல் வந்த ‘பிளட் ஃபீஸ்ட்’ படத்தை வைத்தே சொல்கிறேன். ஹெர்ஷல் கார்டன் லூயிஸ் இயக்கினார், டேவிட் ஃபிரீட்மன் தயாரித்தார். அமெரிக்காவின் மயாமி பகுதியில், சுமார் 25,000 டாலர் செலவில், சில நாட்களிலேயே எடுத்து முடித்தார்கள். ஒளிப்பதிவும் இசையும்கூட லூயிஸ்தான்.

கதை இதுதான்: விருந்துச் சமையல்காரர் ஒருவர் இஷ்தார் தேவிக்காகப் பெண்களைக் கொன்று உறுப்புகளைச் சேர்க்கிறார். இஷ்தார் பாபிலோனிய தெய்வம்; படமோ எகிப்திய தேவி என்கிறது. சிலை என்பது பொன்வண்ணம் பூசிய கடைப் பொம்மை. கொலைகாரரின் தலைநரை பெயின்ட் என்பது பளிச்சென்று தெரியும்.

நாக்கைப் பிடுங்கும் காட்சியைப் பாருங்கள். கையில் இருப்பது நிஜமான ஆட்டு நாக்கு; அதன்மேல் வழிவது குங்குமத்தைக் கரைத்து ஊற்றியதுபோன்ற சிவப்பு. கேமரா விலகாமல் அதையே பார்க்கிறது, முரசு தம் தம்மென்று அடிக்கிறது. அருவருப்பும் சிரிப்பும் ஒன்றாக வரும். அந்தக் கலவைதான் ருசி, வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை.

இன்னொன்று, திருவிழாக் கொட்டகைக்கு ஆள் கூப்பிடுவது போன்ற அந்த உற்சாகம். படம் பார்க்க வந்தவர்களுக்கு வாந்தி எடுக்கப் பைகூடக் கொடுத்தார்கள்! பெரிய ஸ்டுடியோக்கள் தொடத் தயங்கியதை, காசில்லாதவர்கள் துணிந்து காட்டினார்கள். அந்தத் துணிச்சலுக்காகவே இதை மனதார நேசிக்கிறேன். பிடித்திருந்தால் அடுத்து லூயிஸின் 1964 படமான ‘டூ தவுசண்ட் மேனியாக்ஸ்’ பாருங்கள்.