டென்மார்க்கின் பழைய 200 குரோனர் நோட்டில் இருந்த பெண் யார்?

யொஹான லுயீஸ ஹைபெர்க். 19-ஆம் நூற்றாண்டு டேனிஷ் நாடக மேடையின் முடிசூடா ராணி என்றே சொல்லலாம்.

1812-ல் கோபன்ஹேகனில், ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய ஏழைப் பெற்றோருக்குப் பிறந்தவர். அப்பா கத்தோலிக்கர், அம்மா யூதர். சிறுமியாகவே ராயல் தியேட்டரின் பாலே பள்ளியில் சேர்ந்து, அங்கிருந்து நடிப்புக்கு வந்தார். 1831-ல், தன்னைவிட இருபது வயதுக்கு மேல் மூத்த நாடகாசிரியர் யொஹான் லுட்விக் ஹைபெர்கை மணந்தார். கணவர் எழுதிய இலகுவான இசை நாடகங்களில்தான் முதலில் ஊரையே மயக்கினார்.

எனக்குப் பிடித்த கதை இது: 1828-ல், பதினாறு வயதுகூட நிரம்பாதபோது ஜூலியட்டாக நடித்தார். 1847-ல், 34 வயதில், மறுபடியும் அதே வேடம். ‘இந்த வயதில் ஜூலியட்டா?’ என்றுதானே கேட்கத் தோன்றும்? தத்துவவாதி கீர்க்கெகார்ட் நேர்மாறாக வாதிட்டார். இளமையைக் கடந்து வந்தவருக்குத்தான் இளமையின் சாரத்தை மேடையில் காட்ட முடியும் என்று 1848-ல் புனைபெயரில், நடிகையின் பெயரையும் சொல்லாமல், ஒரு கட்டுரைத் தொடரே எழுதினார். ஒரு நடிகைக்கு இதைவிடப் பெரிய விமர்சனம் வாய்க்குமா, தெரியவில்லை.

1860-ல் கணவர் இறந்தார். நான்கு ஆண்டுகளில் இவரும் நடிப்பை விட்டார். ஆனால் 1867 முதல் 1874 வரை அதே தியேட்டரில் இயக்குநராக இருந்து, நார்வே நாடகாசிரியர் இப்சனின் நாடகங்களையும் மேடையேற்றினார். 1890-ல் காலமானார். அவரது விரிவான நினைவுக் குறிப்புகள் அதற்குப் பிறகுதான் அச்சேறின.