வாசகர் கேள்வி: டயானாவின் ஓவியத்தில் கதை எங்கே?

கேள்வி: பிரான்சுவா பூஷே 1742-இல் தீட்டிய, பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள ‘நீராடி எழுந்த டயானா’ ஓவியத்தின் படத்தைப் பார்த்தேன். நீரோரத்தில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள், அவ்வளவுதான். இதைப் புராணக் காட்சி என்கிறார்களே, இதில் கதை எங்கே?

பதில்: கதையைப் பூஷே சட்டகத்துக்கு வெளியே நிறுத்திவிட்டார். ஆனாலும் தடயங்களை விட்டுவைத்திருக்கிறார். ஒருத்தியின் கூந்தலில் முத்துச்சரத்தோடு சிறு பிறையொன்று மின்னுகிறது. ஒருபுறம் அம்பறாத்தூணியும் வேட்டை நாய்களும், மறுபுறம் வில்லும் வேட்டையில் வீழ்ந்த பறவைகளும் கிடக்கின்றன. எனவே அவள் வேட்டைத் தெய்வமான டயானா, அதாவது கிரேக்கர்களின் ஆர்ட்டெமிஸ். மற்றவள் அவளுடைய தோழி.

ரோமானியக் கவிஞர் ஓவிட் சொல்லும் கதைப்படி, வேட்டைக்கு வந்த ஆக்டியான் என்னும் இளைஞன் வழிதவறி வந்து அவள் நீராடுவதைக் கண்டுவிடுகிறான். சினந்த தேவி அவன்மேல் நீரை வாரியிறைக்க, அவன் மானாக மாறித் தன் நாய்களாலேயே குதறப்பட்டு மடிகிறான். இதே கதையை 16-ஆம் நூற்றாண்டில் வரைந்த இத்தாலிய ஓவியர் டிசியான், ஆக்டியான் வந்து நிற்கும் அதிர்ச்சியான கணத்தைத் தேர்ந்தெடுத்தார். பூஷேயோ அவனை வரையவே இல்லை. அவன் நிற்க வேண்டிய இடத்தில் நாம் நிற்கிறோம் என்றே எனக்குத் தோன்றுகிறது. பார்க்கக்கூடாததைப் பார்ப்பவர் இப்போது நாம்தான்.

கோரத்தை விலக்கி இனிமையை மட்டும் வைத்துக்கொள்வது, பூஷே பின்பற்றிய ரொக்கோகோ என்னும் 18-ஆம் நூற்றாண்டுக் கலைப்பாணியின் இயல்பு. 1715-இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி மறைந்தபின், பிரபுக்கள் வெர்சாய் அரண்மனையின் கெடுபிடியிலிருந்து விலகிப் பாரிஸ் மாளிகைகளின் சிறிய அறைகளில் பொழுதைக் கழிக்கத் தொடங்கினர். அந்தச் சுவர்களுக்கு வீரமும் தியாகமும் நிறைந்த பேரோவியங்கள் பொருந்தவில்லை. இந்த ஓவியமும் சுமார் 57 செ.மீ. உயரமும் 73 செ.மீ. அகலமும் கொண்டதே. பிற்காலத்தில் விமர்சகர் தீதரோ பூஷேயைக் கடுமையாகச் சாடினார். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு என்றாலும், நீல மடிப்புத் துணியின்மேல் அந்த மேனி ஒளிர்வதைப் பார்க்கும்போது அவர் பக்கம் முழுதாகச் சாய மனம் வரவில்லை.

மீண்டும் பார்க்கையில் இடது ஓரத்து நாய்களைக் கவனியுங்கள். ஒன்று தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறது. மற்றொன்று தலையை நிமிர்த்தி, நமக்குப் புலப்படாத எதையோ மோப்பம் பிடிக்கிறது.